வீட்டு ஷெட்டுக்கு கார் லிஃப்ட்: தரையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் கார் லிஃப்ட் போடப் போகிறேன், எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஷெட் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? பலருக்குப் பதில் தெரியாது. டைல்ஸ் என்பார்கள், சிமெண்ட் தரை என்பார்கள். அதற்கும் கீழே என்ன, எத்தனை அங்குலம் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குறைந்த செலவில் நல்ல லிஃப்ட் வேண்டும் என்றால் கடைக்குப் போகும் முன்பே இதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். எந்த லிஃப்ட் போடலாம் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது உங்கள் தரையும் கூரையும்தான்.

என் வீடு கோவையில். பதினான்கு அடி அகலம், இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு தகர ஷெட். அப்பாவின் அம்பாசடரும் என் ஸ்விஃப்டும் மாறி மாறி உள்ளே வரும். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அடியில் இருக்கும் கிரீஸ் நிப்பிள்களுக்காகவே அடிக்கடி வண்டிக்குக் கீழே படுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தேன். ஸ்பேனர் எடுக்க எழுந்து திரும்பிய நேரத்தில் ஒரு கட்டை பிளந்து வண்டி இறங்கிவிட்டது. அரை நிமிடம் முன்னால் என் தோள் அந்த இடத்தில் இருந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் லிஃப்ட். அதை வாங்கிப் பொருத்த எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?

வருடத்துக்கு இரண்டு முறை ஆயில் மாற்றுவதும் பிரேக் பேட் பார்ப்பதும் மட்டும்தான் என்றால் லிஃப்ட் வேண்டாம். நல்ல ட்ராலி ஜாக்கி ஒன்று, 3 டன் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் நான்கு, சக்கரத்துக்கு அடை. இது போதும். இதற்கு ஆகும் செலவு லிஃப்ட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சப் பணத்தை நல்ல டூல்ஸ் வாங்கப் போடுங்கள்.

டயர் மாற்றுவது, பிரேக், சஸ்பென்ஷன், பாடியின் கீழ்ப்பகுதி துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிப்பது என்றால் இடுப்பளவு தூக்கும் லிஃப்ட் போதும். கியர்பாக்ஸ் இறக்குவது, கிளட்ச் மாற்றுவது, சைலன்ஸர் பைப்பை முழுசாகக் கழற்றுவது என்றால்தான் நின்றுகொண்டு வேலை செய்யும் உயரம் தேவைப்படும். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடந்த இரண்டு வருடத்தில் நீங்களே செய்த வேலை எது, மெக்கானிக்கிடம் விட்டது எது, அதில் இனி எதை நீங்களே செய்ய ஆசை. ஆசைப்பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் வரும். நிஜமாகச் செய்ததை வைத்து முடிவெடுங்கள்.

சிலர் குழி வெட்டிவிடலாமே என்பார்கள். பழைய ஒர்க்‌ஷாப்களில் அதுதான் வழக்கம், செலவும் குறைவு. வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. எல்பிஜி கேஸும் அப்படியே. இரண்டும் கீழே இறங்கிக் குழியில் தேங்கும். நீங்கள் நிற்கும் இடமே அதுதான், கையில் லைட்டும் வயரும் இருக்கும். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் வேறு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் மூடி போட மறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டேப்பை எடுங்கள்

எட்டு அளவு வேண்டும். ஷெட்டின் நீளம், அகலம், கூரையின் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம், கேட் அகலம். அப்புறம் காரின் நீளம், கண்ணாடி விரித்த அகலம், உயரம், பானட்டும் டிக்கியும் திறந்த நிலையில் உயரம். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காரைத் தூக்கிய பிறகு பானட்டைத் திறக்க வேண்டி வந்தால் அது கூரையில் முட்டும்.

கணக்கு எளிது. தமிழ்நாட்டில் கான்கிரீட் போர்டிகோ என்றால் பெரும்பாலும் பத்தடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர். ஸ்விஃப்ட் போன்ற காரின் உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். மேலே ஒரு சாண் இடைவெளி விட்டால் அதிகபட்சம் 1.3 மீட்டர் தூக்கலாம். இன்னோவா க்ரிஸ்டா சுமார் 1.8 மீட்டர் உயரம். அதை ஒரு மீட்டருக்கு மேல் தூக்க முடியாது. அப்படியானால் இரண்டு மீட்டர் தூக்கும் லிஃப்டுக்குப் பணம் கொடுத்து என்ன பயன்? இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பலருக்குச் செலவு குறையும். கூரையில் ஃபேன், ட்யூப்லைட், ஷட்டர் சுருள் இருந்தால் அவற்றின் அடிமட்டத்தையே கூரை உயரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எடையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் கீழே. இன்னோவா க்ரிஸ்டா 1.8 டன்னை ஒட்டி வரும். ஃபார்ச்சூனர் இரண்டு டன்னைத் தாண்டும். இரண்டு தூண் நின்று நான்கு கைகளால் காரைத் தூக்கும் டூ போஸ்ட் லிஃப்டில் 4 டன் என்று எழுதியிருந்தால் அது நான்கு கைகளும் சேர்ந்து தாங்குவது, ஒரு கைக்கு ஒரு டன்தான். முன்பக்கம் இன்ஜின் இருப்பதால் பாரம் நான்காகச் சமமாகப் பிரியாது. ஆனாலும் வீட்டுக் கார்களுக்கு 4 டன் டூ போஸ்ட் தாராளம். சிறிய கார் மட்டும்தான் என்றால் இரண்டரை, 3 டன் சிசர் லிஃப்ட் போதும். இந்த வகைகள் என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்.

எந்த வகை?

வாட்டர் சர்வீஸ் கடைகளில் நடுவில் ஒற்றைத் தூண் தரையிலிருந்து எழும்பிக் காரைத் தூக்குமே, அது வீட்டுக்கு ஆகாது. ஆழமாகக் குழி தோண்டி சிலிண்டரைப் புதைக்க வேண்டும், கம்ப்ரஸரும் வேண்டும். அதை விட்டுவிடலாம். மற்றவற்றில் நான்கைப் பார்த்தால் போதும்.

தரையில் வைத்துத் தூக்கும் ஜோடிச் சட்டம். காரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டத்தைத் தள்ளிவிட்டு, சின்ன ஹைட்ராலிக் பம்பால் தூக்குவது. அமெரிக்காவின் க்விக்ஜாக் இதில் பெயர் பெற்றது. ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் தூக்கும். தரையில் போல்ட் அடிக்க வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சரியானது இல்லை. ஆனால் கீழே படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

சிசர் லிஃப்ட். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து சுமார் ஒரு மீட்டர் தூக்கும். பத்தடிக் கூரைக்கு இதுவே பொருத்தம். டயரும் பிரேக்கும் நெஞ்சளவுக்கு வந்துவிடும், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். குறை ஒன்று உண்டு. காரின் நடுப்பகுதிக்கு அடியில் லிஃப்டே உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ் இறக்குவது சிரமம்.

டூ போஸ்ட். இரண்டு தூண், நான்கு கை. அடிப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும், நான்கு சக்கரமும் தொங்கும். எல்லா வேலைக்கும் ஏற்றது. இதிலேயே இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் இரண்டு தூணையும் இணைக்கும் இரும்புக் கம்பி ரோப்பும் எண்ணெய் ஹோஸும் தரையில் ஒரு தகட்டுக்குள் போகும். இன்னொன்றில் தலைக்கு மேல் குறுக்குச்சட்டம் வழியாகப் போகும். முதலாவதில் தூண் உயரம் 3 மீட்டருக்குள் அடங்கும். இரண்டாவதற்குப் பன்னிரண்டு அடியும் அதற்கு மேலும் கேட்கும். அகலம் வெளிப்பக்கம் சுமார் மூன்றரை மீட்டர் வேண்டும். பத்தடி அகல போர்டிகோவில் இது நுழையவே நுழையாது.

ஃபோர் போஸ்ட். காரை மேடை மேல் ஓட்டி ஏற்றிவிடலாம். ஒரு காருக்கு மேல் இன்னொன்றை நிறுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இது. பாரம் நான்கு காலில் பிரிவதால் தரைக்கும் தொந்தரவு குறைவு. ஆனால் சக்கரம் மேடையிலேயே நிற்கும். பிரேக் வேலைக்கு அதன் மேல் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும்.

என் ஷெட்டின் கூரை நடுவில் பதிமூன்றடி, ஓரத்தில் பதினோரு அடி. அகலம் பதினான்கு அடி. அம்பாசடரின் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலையும் காத்திருந்தது. அதனால் தரைத்தகடு வைத்த டூ போஸ்ட். கூரை பத்தடியாக இருந்திருந்தால் யோசிக்காமல் சிசர் லிஃப்ட் வாங்கியிருப்பேன்.

தரை

இங்கேதான் நிதானம் வேண்டும். டூ போஸ்ட் லிஃப்டில் காரின் பாரம் தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை. கை நீண்டு, தூணிலிருந்து எழுபது சென்டிமீட்டர் தள்ளித்தான் காரைப் பிடிக்கிறது. இரண்டு டன் காரில் ஒரு தூணுக்கு ஒரு டன். அந்த ஒரு டன் தூணை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அடித்தகடு உள்ஓரத்தில் அழுந்தும், வெளிஓரத்தில் இருக்கும் போல்ட்டுகள் மேலே பிடுங்கப்படும். உள்ஓரத்துக்கும் அந்த போல்ட்டுகளுக்கும் நடுவே முப்பது சென்டிமீட்டர் இருந்தால், எழுபதை முப்பதால் வகுத்துப் பாருங்கள். இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட இழுவிசை அந்த இரண்டு மூன்று போல்ட்டுகளில் வருகிறது. போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் தரை மட்டும்தான்.

இனி நம் வீட்டுத் தரை எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். மண் நிரப்பி, திமிசு போட்டு, அதன் மேல் 40 மி.மீ. ஜல்லி போட்டு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் மூன்று நான்கு அங்குலம் போடுவார்கள். மேலே சிமெண்ட் பூச்சு அல்லது டைல்ஸ். நடக்கவும் கார் நிறுத்தவும் இது போதும். ஆனால் 1:4:8 என்பது எம் 7.5 தரம்தான். அந்த எண் கூடினால் கான்கிரீட்டின் வலு கூடுதல் என்று அர்த்தம். லிஃப்ட் கம்பெனிகள் கேட்பது குறைந்தது எம் 20, எம் 25. சில மாடலுக்கு 100 மி.மீ. தடிமன் போதும், சிலதுக்கு 150, 200 வரை கேட்பார்கள். பழைய வீட்டுத் தரையில் நேராக ஆங்கர் போல்ட் அடித்து டூ போஸ்ட்டை நிறுத்தினால், ஒரு நாள் தரை ஒரு தட்டு அளவுக்குக் கூம்பாகப் பெயர்ந்துகொண்டு வரும். டைல்ஸ் மேலேயே அடித்துவிடலாம் சார், ஒன்றும் ஆகாது என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவரை அன்றே அனுப்பிவிட்டேன்.

சோதிப்பது எளிது. தூண் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஹேமர் டிரில்லால் 12 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வரும் தூளைக் கவனியுங்கள். என் ஷெட்டில் முதலில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. டிரில் இறங்கிக்கொண்டே போனது, தடுத்து நிற்கவில்லை. மூன்று அங்குலம் தாண்டியதும் தூள் சிவப்பாக மாறியது. செம்மண்! ஒரு கம்பியின் நுனியை மடக்கி உள்ளே விட்டு, கான்கிரீட்டின் அடிஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டி, தரைமட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்தேன். அளந்தால் 80 மி.மீ. அதிலும் மேலே 20 மி.மீ. வெறும் பூச்சு.

அதனால் வெட்டிப் போட்டோம். கட்டர் மெஷினால் தரையைக் கோடு பிடித்து அறுத்து, 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இரண்டு தூணும் ஒரே படுகையில் நிற்கிற மாதிரி தோண்டினோம். கீழே மண்ணைத் தண்ணீர் விட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, பிளாஸ்டிக் தாள் விரித்து, 10 மி.மீ. கம்பியை வலை மாதிரி கட்டி, 20 செ.மீ. தடிமனுக்கு எம் 25. 1:1:2 கலவையில் அதற்கு 13, 14 மூட்டை சிமெண்ட் பிடித்தது. இந்த அளவு என் லிஃப்டின் வரைபடத்தில் கண்டது. உங்களுக்கு உங்கள் லிஃப்ட் கம்பெனி தரும் ஃபவுண்டேஷன் வரைபடம்தான் வேதம். பணம் கட்டும் முன்பே அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த லிஃப்ட் வேண்டாம்.

கொத்தனாரிடம் இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். கலவையில் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது. ஊற்ற ஊற்ற வேலை சுலபமாகும், வலு குறையும். இரண்டாவது, மட்டம். ரசமட்டத்தை நீளமான பலகை மேல் வைத்து இரண்டு தூண் இடத்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஷெட்களில் தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுப்பது வழக்கம். லிஃப்ட் நிற்கும் இடத்தில் வாட்டம் கூடாது.

போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். காலையும் மாலையும் பாத்தியை நிரப்புவது அம்மாவின் வேலையாகிவிட்டது. செடிக்கு ஊற்றும்போதே இதற்கும் ஊற்றிவிடுவார். கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் வேண்டும். லிஃப்ட் லாரியில் வந்து இறங்கி ஷெட் ஓரத்தில் கிடக்க, தரையைப் பார்த்துக்கொண்டு நான்கு வாரம் பொறுப்பது கஷ்டம்தான். பொறுக்க வேண்டும்.

மாடித் தரையிலும், அடியில் சம்ப், செப்டிக் டேங்க், பேஸ்மெண்ட் இருக்கும் தரையிலும் டூ போஸ்ட் போடவே கூடாது. சம்ப் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கரண்ட்

வீட்டு லிஃப்ட் மோட்டார்கள் பெரும்பாலும் 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்பி. சிங்கிள் பேஸில் ஓடுபவையும் உண்டு, த்ரீ பேஸ் மட்டும் கேட்பவையும் உண்டு. வாங்கும் முன் வீட்டு மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் ஓடும்போது 14, 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. ஏசி ப்ளக் பாயிண்டில் செருகி ஓட்டும் பொருள் இல்லை இது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. வயர், தனி எம்சிபி, சரியான எர்த். எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கிய காரை இறங்காமல் தாங்க தூணில் ஒரு இரும்புப் பூட்டு இருக்கும். கார் மேலே அந்தப் பூட்டில் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் போனால் இறக்க முடியாது. பூட்டை விடுவிக்க முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும், தூக்க மோட்டார் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் வேலைக்கு வேண்டிய காரை மேலே ஏற்றி வைக்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரை இழுக்காது.

வாங்கும்போது

கோவையிலேயே ஏடிஎஸ் எல்ஜி இருக்கிறது, கராஜ் உபகரணங்களுக்கென்றே நடக்கும் நிறுவனம். பெங்களூரு, டெல்லிப் பக்கத்துத் தயாரிப்புகளும் சீனாவிலிருந்து வருபவையும் கிடைக்கும். பிராண்டைவிட நான் முக்கியமாகப் பார்த்தது வேறு. கை நுனியில் காரைத் தாங்கும் ரப்பர் பேட், ரோப், பூட்டு ஸ்பிரிங், சிலிண்டர் சீல் ஆகிய நான்கும் ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா? சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கலாம்.

சான்றிதழ் என்று சொன்னால் எதன்படி என்று கேளுங்கள். ஐரோப்பாவில் வாகன லிஃப்டுகளுக்கு இஎன் 1493 என்று தனித் தரம் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பின் சான்று. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது போதாது. சான்றிதழ் நகலில் உள்ள மாடல் எண்ணும் லிஃப்டின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் காரைத் தூக்க மட்டும்தான். நீங்கள் கீழே நிற்கும்போது காரைத் தாங்க வேண்டியது இரும்புப் பூட்டு. ஏறும்போது டக் டக் என்று இரண்டு தூணிலும் சத்தம் கேட்க வேண்டும். பூட்டை விடுவிக்க ஒரே கைப்பிடி வைத்தது வசதி, ஒவ்வொரு தூணிலும் தனித்தனியாக இழுப்பது விலை குறைவு. இதில் சேமிக்கலாம், ஆபத்து ஒன்றும் இல்லை. நிறம், ரிமோட், லைட் எல்லாவற்றிலும் சேமிக்கலாம். பூட்டு, கையின் தடிமன், ரோப், தரை ஆகியவற்றில் சேமிக்கவே கூடாது.

பழையது வாங்கலாமா? ஒர்க்‌ஷாப் மூடும்போது நல்ல லிஃப்டுகள் பாதி விலைக்கு வரும். வாங்கலாம், ஆனால் கழற்றி வைத்த லிஃப்டை வாங்காதீர்கள். நிற்கும் இடத்திலேயே ஒரு காரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய துணியை ரோப் மேல் ஓட்டிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணி சிக்கும். தூணின் அடித்தகட்டு வெல்டிங்கைச் சுற்றிப் புதுப் பெயிண்ட் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், சுரண்டிப் பாருங்கள். கார் மேலே இருக்கும்போது சிலிண்டர் ஓரம் எண்ணெய் கசிகிறதா? கைகள் பக்கவாட்டில் நகராமல் பூட்டிப் பிடிக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா?

எண்ணெய் இல்லாமல் திருகுத்தண்டில் ஏறும் மெக்கானிக்கல் டூ போஸ்ட்டும் நம் ஊரில் நிறைய உண்டு. அதில் பாரம் தாங்கும் நட் ஒன்று, அதன் கீழே பாதுகாப்பு நட் ஒன்று. மேல் நட் தேயத் தேய இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும். எவ்வளவு வரை அனுமதி என்று மேனுவலில் இருக்கும். அதை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய ஆங்கர் போல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பட்ஜெட் போடும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எனக்கு லிஃப்டுக்கு 100 ரூபாய் என்றால் தரை, வயரிங், லாரி வாடகை, இறக்குக்கூலி, போல்ட், எண்ணெய் என்று இன்னும் 40 ரூபாய் ஆனது. ஜி.எஸ்.டி. அதற்கு மேல்.

பொருத்தும் நாள்

தூண் ஒவ்வொன்றும் பல பேர் சேர்ந்து தூக்கும் எடை. கம்பெனி ஆட்களையே வரச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று மூன்றைக் கவனியுங்கள். போல்ட் துளையில் உள்ள தூளை ஊதி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்கிறார்களா? தூள் இருந்தால் போல்ட் பிடிக்காது. தூக்குக்குண்டு வைத்துத் தூண் நேராக நிற்கிறதா? மட்டம் சரிசெய்ய அடித்தகட்டுக்குக் கீழே வைக்கும் தகடுகள் இரும்பா? மரம், பிளாஸ்டிக் துண்டுகளை வைக்க விடாதீர்கள். அப்புறம் டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர். ஒரு பைப்பை மாட்டி இறுக்கிவிட்டுப் போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கும்போது போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளை சரியில்லை என்று அர்த்தம்.

முதல் தடவை தூக்கும்போது

காரின் மேனுவலில் ஜாக்கி வைக்கும் இடங்கள் படமாக இருக்கும். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் கதவுக்குக் கீழே மடிப்புத் தகட்டில் குறியிருக்கும். ஸ்கார்பியோ, பொலிரோ, ஃபார்ச்சூனர் என்றால் சேசிஸ் சட்டம். மின்சாரக் காரில் அடி முழுக்க பேட்டரி, குறித்த இடம் தவிர வேறெங்கும் கை படக் கூடாது. பழைய காரில் இன்னொரு வேலையும் உண்டு. லிஃப்ட் கை படும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். எங்கள் அம்பாசடரில் இடது பக்கம் கணீரென்றது, வலது பக்கம் பொத்தென்று கேட்டது. பெயிண்டுக்கு உள்ளே இரும்பு இற்றுப்போயிருந்தது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்த பிறகுதான் ஏற்றினேன்.

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நான்கு பேடும் சரியாகப் பொருந்திய பிறகு சக்கரம் தரையை விட்டு நாலு விரல் எழும்பும் வரை மட்டும் தூக்குங்கள். நிறுத்துங்கள். பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நன்றாகவே ஆட்டுங்கள். கீழே விழுந்தால் நாலு விரல் உயரத்திலிருந்து விழட்டும். அசைவு சரியில்லை என்றால் இறக்கி, பேடை மாற்றி வையுங்கள். திருப்தியான பிறகு வேண்டிய உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கி, மெதுவாக இறக்கிப் பூட்டில் உட்கார வையுங்கள். இரண்டு தூணிலும் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே போக வேண்டும்.

இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற கனமானதை இறக்கினால் காரின் எடை பின்பக்கம் சாயும். கழற்றும் முன்பே பின்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்ட் ஒன்றை முட்டுக் கொடுங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மாதம் ஒருமுறை

முதல் இருபது முப்பது தடவை தூக்கி இறக்கிய பிறகு ஆங்கர் போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும், புதிதில் கொஞ்சம் தளரும். அதன் பிறகு மாதாமாதம் ஒரு பார்வை போதும். ரோப்புக்கு எண்ணெய், தூணுக்குள் ஓடும் பாதைக்கு கிரீஸ், டேங்கில் எண்ணெய் மட்டம், ரப்பர் பேடில் வெடிப்பு. இரண்டு பக்கக் கைகளும் ஒரே உயரத்தில் ஏறுகின்றனவா என்பதையும் தரையிலிருந்து டேப் வைத்து அளங்கள். வித்தியாசம் தெரிந்தால் ரோப்பைச் சரிசெய்யாமல் கார் ஏற்ற வேண்டாம்.

போல்ட்டுகளைக் கண்காணிக்க ஒரு சுலபமான வழி உண்டு. டார்க் வைத்து முடித்த கையோடு ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் அடித்தகடு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். நட் சுற்றினால் கோடு உடைந்து தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்ததும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தப் பத்துக் கோடுகளைத்தான். பத்தும் நேராக இருந்தால் சாவியை எடுப்பேன்.